நண்டுப் பொந்துக்குள் ஒரு கை

போன வாரம் ராத்திரி மழையில் நண்டு பிடிக்கப் போன கதையைச் சென்னையில் இருக்கும் நண்பர் ஒருத்தரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தக் குளிர்ல வெறுங்கையையா தண்ணிக்குள்ள விடுறீங்க? நல்லதா ஒரு கையுறை வாங்கிப் போட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். நானும் ஒரு காலத்தில் இதையே சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அப்போது அவர் பீடியைக் கூட வாயில் இருந்து எடுக்கவில்லை. "அப்ப கண்ணுல துணியக் கெட்டிட்டு ரோட்டுல நடப்பியாடே?" என்றார். அவ்வளவுதான் பதில். அது எனக்கு விளங்க ஒரு ராத்திரி முழுக்க ஆனது. அந்த ராத்திரியைப் பற்றித்தான் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி என்றதும் உங்களுக்குக் கடலும், வெயிலும், விவேகானந்தர் பாறைக்குப் படகேற நிற்கும் வரிசையும் ஞாபகம் வரும். அங்கே எங்கிருந்து குளிர் வந்தது என்று சிரிப்பீர்கள். நான் இருப்பது கடற்கரையில் இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சேர்ந்த நாஞ்சில் நாட்டில் வயல்காடு வடக்கே போகப்போக மலையில் முட்டி நிற்கும். எங்கள் வயலுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் ரெண்டு குளமும் கொஞ்சம் தென்னந்தோப்பும்தான். ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு அடைமழை என்று ரெண்டு மழையும் எங்களுக்கு உண்டு. அதனால் போகமும் ரெண்டு. போகத்தை இங்கே பூ என்போம். கன்னி மாதம் அறுப்பது கன்னிப்பூ, கும்ப மாதம் அறுப்பது கும்பப்பூ. கும்பப்பூ நடவு ஆகி நாற்று பச்சை பிடிக்கிற சமயத்தில்தான் அடைமழை பிடிக்கும். நண்டு வேட்டையும் அப்போதுதான்.

அந்த ராத்திரிகளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 22, 23 டிகிரி காட்டும். உங்கள் படுக்கையறை ஏசியில் நீங்களே விரும்பி வைக்கிற அளவுதான். ஆனால் உடம்பு காய்ந்திருக்கும்போது 23 டிகிரி வேறு, நனைந்திருக்கும்போது 23 டிகிரி வேறு. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அதற்கு மேல் ஈரத் தோலில் மலைக்காற்று அடித்தால் அது தனிக் கணக்கு. முழங்கால் அளவு தண்ணீரில், ஒட்டிக்கிடக்கும் சட்டையோடு மூணு மணி நேரம் நின்றால் பல் தானாகத் தந்தியடிக்கும். குளிருக்கு ஊட்டிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. ஒரு நனைந்த சட்டை போதும்.

இனி நண்டு. வேட்டை என்று நான் சொன்னால் துப்பாக்கி, முயல், காட்டுப்பன்றி என்று நினைத்துவிடாதீர்கள். சித்தப்பாவின் அப்பா காலத்தில் அதெல்லாம் நடந்ததாகக் கதை கேட்டிருக்கிறேன். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதற்கெல்லாம் தடை. இப்போது எங்களுக்கு மிச்சமிருக்கும் வேட்டை வயல் நண்டும், மழைத்தண்ணீரில் எதிர்த்து ஏறி வரும் மீனும்தான்.

நண்டு பிடிப்பது ருசிக்காக மட்டும் இல்லை. நட்டு ஒரு வாரம் ஆகாத இளநாற்றை நண்டு அடியோடு கத்தரித்துப் போட்டுவிடும். காலையில் போய்ப் பார்த்தால் நாற்று தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். அதைவிட மோசம், வரப்பில் அது போடும் பொந்து. சாயந்தரம் தண்ணீர் கட்டிவிட்டு வந்தால், விடிவதற்குள் மொத்தத் தண்ணீரும் பொந்து வழியாக அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். பிறகு அடுத்த வயல்காரன் சிரித்துக்கொண்டே டீக்கடையில் நமக்குக் காப்பி வாங்கித் தருவான். அதனால் நண்டு பிடிப்பதும் வரப்பைக் காப்பதும் ஒரே வேலைதான்.

குருணை மருந்து போடும் வயலில் நண்டு செத்து மிதக்கும். அங்கே வேட்டைக்கு வேலை இல்லை. நாங்கள் மருந்து போடாத வயலில் கைதான் மருந்து.

எல்லாப் பொந்துக்குள்ளும் கையை விட்டுவிட முடியாது. முதலில் பொந்தைப் பார்க்க வேண்டும். வாசலில் புது மண் உருண்டை உருண்டையாகக் கிடந்தால் நண்டு உள்ளே இருக்கிறது. பக்கத்தில் கோடு கிழித்தது மாதிரி கால் தடம் இருக்கும். உள்ளே தண்ணீர் கலங்கிக் கிடந்தால் இப்போதுதான் இறங்கியிருக்கிறது. வாசலில் சிலந்தி வலை பின்னியிருந்தால் அங்கே ரொம்ப நாளாகப் போக்குவரத்து இல்லை. வாசல் உருண்டையாக, கால் தடம் இல்லாமல், தேய்த்துவிட்டது மாதிரி வழுவழுவென்று இருந்தால் அந்தப் பக்கமே கையை நீட்டக்கூடாது. தான் பொந்து தோண்டாமல் நண்டு வீட்டிலும் எலி வீட்டிலும் குடியேறுகிற ஒரு ஆள் உண்டு. யார் என்று உங்களுக்கே தெரியும்.

பார்த்து முடித்த பிறகு கண்ணுக்கு வேலை கிடையாது. முழங்கை வரைக்கும் சேற்றுக்குள் போய்விட்டால் டார்ச் வெளிச்சம் எதற்கு உதவும்? புறங்கையைப் பொந்தின் கூரையில் ஒட்டினாற்போல் மெதுவாக உள்ளே கொண்டுபோக வேண்டும். விரல் நுனியில் முதலில் படுவது ஓடா, கொடுக்கா, கல்லா, வேரா, இல்லை வழுக்கிக்கொண்டு நகரும் வேறு ஏதாவதா என்பது தொட்ட நிமிஷமே தெரிய வேண்டும். ஓடு என்றால் மேலிருந்து சேற்றோடு அழுத்தி, கொடுக்கு ரெண்டையும் அசையவிடாமல், பின்பக்கமாகப் பிடித்து இழுக்கலாம். வேறு ஏதாவது என்றால் கையை வெடுக்கென்று இழுக்காமல் வந்த வழியே எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் விரல் நுனிதான் முடிவு செய்கிறது. கையுறை போட்டால் அந்தக் கண் மூடிவிடும். போதாததற்கு ஒரு தடவை தண்ணீர் உள்ளே போய்விட்டால் வெளியே வராது. கையைப் பைக்குள் போட்டு ஊறவைத்தது மாதிரிதான்.

சித்தப்பா சொன்ன கண்ணில் கட்டும் துணி அதுதான். ஆனால் கையுறை இல்லாமலே கண் மூடிப்போகும் என்பதை அவர் சொல்லியும் நான் கேட்கவில்லை.

அவர் வேட்டைக்குக் கிளம்புவதைப் பார்க்கவே ஒரு சடங்கு மாதிரி இருக்கும். முதலில் வயிறு. சித்தி சூடாகக் கஞ்சியும் சுட்ட கருவாடும் தராமல் இறங்க மாட்டார். "வயித்துல தீ இல்லேன்னா கையில சூடு எப்பிடி நிக்கும்?" என்பார். அடுத்தது நெஞ்சும் தலையும். சணல் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துச் செருகி, கொங்காணி மாதிரி தலையில் போட்டுக்கொள்வார். பின்னால் பிளாஸ்டிக் உரச்சாக்கு வந்தது. உள்ளே சணல், வெளியே பிளாஸ்டிக் என்று ரெண்டையும் சேர்த்துப் போட ஆரம்பித்தார். கைக்காகக் கிளம்பிய மனுஷன் ஏன் தலையையும் நெஞ்சையும் போர்த்துகிறார் என்று எனக்கு அப்போது புரியாது. பிறகுதான் படித்தேன். நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு முதலில் செய்கிற காரியம் கைக்கும் காலுக்கும் போகிற ரத்தக்குழாய்களைச் சுருக்குவதுதான். இருதயத்தைக் காப்பாற்ற விரலைக் கைவிட்டுவிடும். வீட்டில் அரிசி குறைந்தால் முதலில் நிறுத்துவது திண்ணையில் கொடுக்கிற சோற்றைத்தானே? அதனால் கையைச் சூடாக வைக்க வேண்டும் என்றால் நெஞ்சை நனையாமல் வைக்க வேண்டும்.

மூன்றாவது எண்ணெய். தேங்காயெண்ணெயைப் புறங்கையிலும் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் லேசாகத் தேய்ப்பார். விரல் நுனியில் தேய்க்க மாட்டார், பிடி வழுக்கும். நாலாவது, துவர்த்து. துண்டுக்கு எங்கள் ஊரில் துவர்த்து என்று பெயர். ஒன்றை இடுப்பில் கட்டியிருப்பார், இன்னொன்றை பிளாஸ்டிக் கவரில் சுருட்டி சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருப்பார். ஒவ்வொரு பொந்துக்கும் பிறகு இடுப்புத் துவர்த்தில் சேற்றைத் துடைத்து, நெஞ்சுத் துவர்த்தில் ஈரத்தை ஒற்றி எடுத்து, கையைக் கம்முக்கூட்டுக்குள் செருகி, நூறு எண்ணுவார். கம்முக்கூடு என்றால் அக்குள். மழையில் எங்கே போனாலும் கூட வருகிற அடுப்பு அது ஒன்றுதான்.

இதெல்லாம் போக ஒரு சட்டம் வைத்திருந்தார். வேலை செய்கிற கை ஒன்று, காய்ந்த கை ஒன்று. டார்ச்சும் கூடையும் இடதுகையில். அந்தக் கை எக்காரணம் கொண்டும் தண்ணீருக்குள் போகக்கூடாது. ரெண்டு கையும் நனைந்தவனுக்குச் சட்டைப் பித்தான் போடக்கூட ஆள் வேண்டும் என்பார்.

கடைசியாகப் பரீட்சை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, "லேய், தொட்டுக் காட்டு" என்பார். பெருவிரல் நுனியால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட வேண்டும். தொட முடிந்தால் மட்டும் போதாது, தொட்டது ரெண்டு விரலுக்கும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அன்றைக்கு வேட்டை முடிந்தது. கூடையில் ரெண்டே நண்டு கிடந்தாலும் சரி, வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். பிற்பாடு பனிமலை ஏறுகிறவர்கள் எழுதியதைப் படித்தபோது அவர்களும் இதே சோதனையைச் செய்கிறார்கள் என்று தெரிந்தது. சித்தப்பா பனியைப் பார்த்தது ஐஸ் பெட்டியில்தான்.

2001 ஐப்பசி. நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். மூணு நாள் விடாத மழை. மலையில் இருந்து வருகிற ஓடைத் தண்ணீர் வயலுக்குள் புகுந்து ஓடியது. சித்தப்பாவோடு ராத்திரி ஒன்பது மணிக்கு இறங்கினேன். அன்றைக்கு எனக்கு ராசியான நாள். பொந்துக்குப் பொந்து நண்டு. சித்தப்பா கூடையில் பத்து என்றால் என் கூடையில் பதினைந்து. அந்த உற்சாகத்தில் துடைப்பதை விட்டேன், நூறு எண்ணுவதை விட்டேன். பதினோரு மணிக்கு என் விரல் எல்லாம் வெளுத்து, வற்றல் மாதிரி சுருங்கிக் கிடந்தது.

விரல் சுருங்குவதைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தோல் தண்ணீரைக் குடித்து உப்பி அப்படி ஆகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது நரம்பு செய்கிற வேலை. உள்ளே ரத்தக்குழாய் சுருங்குவதால் மேலே தோல் மடிகிறது. நரம்பு அறுந்த விரல் தண்ணீரில் கிடந்தாலும் சுருங்காது என்று 1930-களிலேயே மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். 2013-ல் இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சிலர் ஆளை வைத்துச் சோதித்து, சுருங்கிய விரல் ஈரமான சாமானைச் சீக்கிரமாக எடுத்து மாற்றுகிறது என்று எழுதினார்கள். டயரில் வரி வைத்தது மாதிரி. ஆக, சுருக்கம் வரும் வரைக்கும் கை நம் பக்கம்தான். அதற்கு மேல் குளிரில் வைத்திருந்தால் பிடி இருக்கும், சொரணை இருக்காது.

"தொட்டுக் காட்டுலேய்" என்று சித்தப்பா வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தினார். நான் தொட்டேன். விரல் விரலில் பட்டதைக் கண்ணால் பார்த்தேன், கையால் அறியவில்லை. "தெரியுது சித்தப்பா" என்றேன்.

அந்தப் பொய்தான் அன்றைக்கு நான் செய்த தப்பு.

அதற்குப் பிறகு மூணோ நாலோ பொந்து பார்த்திருப்பேன். ஒன்றில் நண்டு கிடைத்தது. ஒன்றில் ஏதோ இடறி, நழுவிப் போனது. கால் மணி நேரம் கழித்து டார்ச்சைக் கை மாற்றும்போதுதான் வெளிச்சம் வலதுகையில் விழுந்தது. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் கீழே, புறங்கையில் ரத்தம். மழை கழுவக் கழுவ வந்துகொண்டிருந்தது. துடைத்துப் பார்த்தால் ரெண்டு காயம், பக்கத்துப் பக்கத்தில்.

எனக்கு வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

சித்தப்பா வந்து டார்ச்சை அடித்துப் பார்த்தார். "எந்தப் பொந்து?" தெரியவில்லை. "எப்பம்?" தெரியவில்லை. "இறுக்குச்சா, குத்துச்சா?" தெரியவில்லை. நண்டு கொடுக்கு இறுக்கினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். பாம்பு கடி அப்படி இல்லை, ஊசி ஏறியது மாதிரி. ரெண்டில் எது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. நீர்க்கோலியாக இருந்தால் பிரச்சினை இல்லை, விஷம் கிடையாது. ஆனால் எங்கள் வரப்பில் கண்ணாடி விரியனும் உண்டு, நல்ல பாம்பும் உண்டு.

அவர் திட்டவில்லை. காயத்தைக் கீறவில்லை, வாயை வைத்து உறிஞ்சவில்லை, கயிறு போட்டு இறுக்கவும் இல்லை. நெஞ்சுக்குள் இருந்து காய்ந்த துவர்த்தை எடுத்து, கையை அசையாமல் மார்போடு சேர்த்துத் தொட்டில் மாதிரி கட்டினார். "ஓடாதே மக்கா. மெள்ள நட" என்றார். ஜங்ஷன் டீக்கடையில் ஒரு ஆட்டோ நின்றது. இருபத்தைந்து நண்டையும் கூடையோடு கடை வாசலில் வைத்துவிட்டு ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கொஞ்சம் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து மேஜை ஓரத்தில் நிறுத்தி வைத்தார். இருபது நிமிஷம் அதை யாரும் தொடக்கூடாது. பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். ஒரு சுத்தமான குழாயும் ஒரு கடிகாரமும் போதும்.

அந்த இருபது நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சித்தப்பா, சாக்குக் கொங்காணியைக் கூடக் கழற்றாமல், தரையெல்லாம் சேற்றுத் தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தார். என் இடதுகையை, அந்தக் காய்ந்த கையை, ரெண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்தக் கைச்சூடு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரெண்டு மணி நேரம் மழையில் கிடந்த மனுஷனின் கை.

ரத்தம் உறைந்தது. ஆனால் விடவில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷம் ரத்தத்தை விட்டு நரம்பைப் பிடிக்கும். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியோ வீக்கமோ இருக்காது. கண் இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று விடியும் வரைக்கும் பார்க்கச் சொன்னார்கள். சித்தப்பா என்னைத் தூங்கவே விடவில்லை. எங்கள் குடும்பத்துக்கு இருந்த, விற்ற, அடமானம் போன எல்லா வயலின் பெயரையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். நான் ஒன்றை விட்டுவிட்டால் அவர் எடுத்துக்கொடுத்து மறுபடியும் முதலில் இருந்து சொல்ல வைத்தார். விடியும்போது கை சூடாகி, காயம் நன்றாக வலிக்க ஆரம்பித்தது. வலிக்கிறது என்று சொன்னதும் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

அது நண்டா நீர்க்கோலியா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கடிச்சது தப்பில்லடே. பொந்து அதுக்க வீடு. கடிச்சது ஒனக்குத் தெரியல்ல பாரு, அதாக்கும் தப்பு."

இதைப் படிக்கிற யாருக்காவது அந்த நிலைமை வந்தால் ஒன்றே ஒன்று. கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடிப் பிடிக்கப் போகாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் நாட்டில் போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலுக்கும் சேர்த்தே தயாராகிறது. அந்த மருந்து செய்ய வேண்டிய விஷத்தைப் பெரும்பாலும் பிடித்துக் கொடுப்பவர்கள் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள். 1978-ல் தொடங்கியது. அவர்களும் வெறுங்கையோடு பொந்து பார்க்கிறவர்கள்தான். 2023-ல் அவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தபோது நான் பேப்பரை மடித்து சித்தப்பாவிடம் காட்டினேன். "கைக்குக் குடுத்திருக்கான்" என்றார்.

நண்டு பிடிக்கிறவன் ஒரு ராத்திரிதான் கையை நனைக்கிறான். எங்கள் வயலில் நாற்று பறித்து நடுகிற பெண்கள் ஒரு நடவுக் காலம் முழுக்கக் கையையும் காலையும் ஈரத்தில்தான் வைத்திருக்கிறார்கள். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்து வெடித்துக் கிடக்கும். ராத்திரி கழுவித் துடைத்து, மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் போட்டுக்கொண்டு படுப்பார்கள். நகத்தைச் சுற்றியும் விரல் இடுக்கிலும் மருதாணி வைப்பார்கள். டவுனில் இருந்து வருகிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதுண்டு. குலசேகரம் பக்கம் போனால் ரப்பர் வெட்டுகிறவர்களைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் வெட்டுக்காயம் நனையாமல் இருக்க மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டுவார்கள். வெட்டுகிற கைக்கு ஒன்றும் கிடையாது.

இன்னும் ரெண்டு விஷயம். குளிருக்குச் சாராயம் நல்லது என்பது பெரிய பொய். குடித்ததும் தோலில் ரத்தம் பாய்வதால் சூடாக இருக்கிற மாதிரி தோன்றும். அந்தச் சூடு உள்ளே இருந்து வெளியே போகிற சூடு. பீடியும் அப்படித்தான், ரத்தக்குழாயைச் சுருக்கும். சித்தப்பாவிடம் நான் குறை சொல்லக்கூடிய ஒரே இடம் அது. கருப்பட்டியும் சுக்கும் போட்ட காப்பிதான் சரி. அடுத்தது, மரத்துப்போன கையை நேராக நெருப்பில் காட்டக்கூடாது. கொதிக்கிற தண்ணீரில் முக்கவும் கூடாது. சூடு தெரியாத கைக்குச் சுடுவதும் தெரியாது. துடைத்து, கம்முக்கூட்டில் வைத்து, சொரணை திரும்பி வந்த பிறகுதான் அடுப்பங்கரைக்குப் போக வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை எனக்குச் சொல்லித் தந்தவருக்கே அது நடந்தது.

சித்தப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. முதலில் கால் விரல் மரத்தது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து வருவார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் குளிருகிறது என்று அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சித்திக்கு ஏதோ தீய்கிற வாசனை வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் வலதுகையின் ரெண்டு விரல் நுனி கொப்பளித்துக் கிடக்கிறது. அவர் அப்போதும் சித்தியைப் பார்த்து, "என்னட்டி, பால் பொங்கிட்டா?" என்று கேட்டாராம்.

காயம் ஆற மூணு மாதம் ஆனது. அதன் பிறகு அவர் வயலுக்கு இறங்குவதில்லை. நாங்கள் விடுவதும் இல்லை. பொந்து வாசலைப் பார்த்து உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று சொன்ன மனுஷன் இப்போது சட்டைப் பித்தானைக் கண்ணால் பார்த்துத்தான் போடுகிறார். அவருக்குக் குளிர் இல்லை, மழை இல்லை, ஆனால் விரல் நுனிக் கண் மூடிவிட்டது. நான் அன்றைக்கு ஒரு ராத்திரி இருந்த இடத்தில் அவர் நிரந்தரமாக இருக்கிறார்.

போன வாரம் நான் வேட்டை முடிந்து திரும்பும்போது மணி பன்னிரண்டு இருக்கும். படிப்புரையில், அதுதான் வாசல் திண்ணையில், மின்சாரம் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தார். நான் வருகிற வரைக்கும் அவர் படுப்பதில்லை. கூடையில் எத்தனை என்று கேட்கவில்லை. "கையக் கொண்டா" என்றார்.

நீட்டினேன். ரெண்டு கையாலும் பிடித்துத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது, அவருக்கும் புரிந்தது. பிறகு என் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"ஐஸு மாதிரி கெடக்கு. நூறு எண்ணலியா?"

"எண்ணினேன் சித்தப்பா. கடைசிப் பொந்துக்கு மட்டும் எண்ணல்ல."

"ம். அடுப்புப் பக்கம் போவாதே. இங்கன இரி" என்று துவர்த்தை எடுத்து என் கையில் சுற்றினார். அவர் சொன்னபடி உட்கார்ந்து, கையைக் கம்முக்கூட்டுக்குள் வைத்து, ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். நூறு வந்ததும் பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டினேன்.

"தெரியுதா?"

"தெரியுது சித்தப்பா."

இந்தத் தடவை பொய் இல்லை.